ஓ.டி.பி.யைச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய மோசடி பற்றி உங்கள் நாளிதழில் வாரம் தவறாமல் செய்தி வருகிறது. பணம் போன விவரமெல்லாம் இருக்கும். கடைசி வரியில் 'பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும், ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று போலீசார் அறிவுறுத்தினர்' என்று முடிந்துவிடும். விழிப்புடன் இருக்க போனில் எதைத் தொட வேண்டும், மோடத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது ஒரு நாளும் வருவதில்லை. ஓ.டி.பி. அறிவுரையும் பழசாகிவிட்டது. இப்போது பணத்தை இழப்பவர்களில் பலர் அந்த எண்ணை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருக்கும் போனே சொல்லிவிடுகிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையோர ஊர்களில் வீட்டு இணைய இணைப்பும் செல்போன் பழுதும் பார்க்கிறவர்கள் நாங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று இந்த வரிசையில் உள்ள வீடுகளுக்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. ஒரே போனில் கேரளத்து சிம் ஒன்று, பொள்ளாச்சியில் வாங்கிய சிம் ஒன்று. வீடு ஒரு மாநிலத்தில், வங்கிக் கணக்கு மறு மாநிலத்தில். போலீஸ் எச்சரிக்கை மலையாளத்தில் வருகிறது, வங்கி எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. ஏமாற்றுகிறவன் மட்டும் நல்ல தமிழில் பேசுகிறான்.

முதலில் ஏ.பி.கே. கோப்பு. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக நிறுவப்படும் செயலி இந்த வடிவத்தில்தான் வரும். வாட்ஸ்ஆப்பில் 'ஆர்.டி.ஓ. செலான்', 'பி.எம். கிசான்', 'கல்யாணப் பத்திரிகை', 'கே.ஒய்.சி. அப்டேட்' என்று ஏதாவது பெயரோடு இறங்கும். இந்தப் பகுதியில் அதிகம் எடுபடுவது செலான், அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டு. 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமரா அபராதம் போடுகிறது. தமிழ்நாட்டு வண்டிக்கும் போடுகிறது. பாலக்காடு போய் வந்தவருக்கு, ஹெல்மெட் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் மனதில் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கோப்பு வந்தால் கை தானாக அதன் மேல் போகிறது. அனுப்பியவர் தெரிந்தவராகவே இருப்பார். அவருடைய வாட்ஸ்ஆப் ஏற்கெனவே திருடன் கையில் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

தொட்டதும் 'இந்த இடத்திலிருந்து செயலி நிறுவ அனுமதி இல்லை' என்று போன் ஒருமுறை தடுக்கும். அதைத் தாண்டினால் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, சிலவற்றில் திரையைப் படிக்கவும் தானே தொடவும் வழிவிடும் 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் 'அலவ்' கொடுத்தபின் ஐகான் மறைந்துவிடும். 'ஒன்றும் திறக்கவில்லையே' என்று போனை வைத்துவிடுவார்கள். உள்ளே வேலை அப்போதுதான் தொடங்கும். வருகிற ஒவ்வொரு குறுஞ்செய்தியும் அடுத்த நொடி வேறொருவனுக்குப் போகும். வங்கிப் பக்கம் போலவே ஒரு பக்கம் திறந்து டெபிட் கார்டின் கடைசி 6 எண்களையும் காலாவதி மாதத்தையும் கேட்பதும் உண்டு. இந்த இரண்டோடு ஓ.டி.பி.யும் சேர்ந்தால் யு.பி.ஐ. பின் எண்ணைப் புதிதாக அமைத்துவிடலாம். பழைய பின்னை நீங்கள் எவ்வளவு ரகசியமாக வைத்திருந்தும் பயனில்லை.

தடுப்பது ஐந்து நிமிட வேலை. செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'அன்நோன்' என்று அடியுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறும், ஆனால் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற பக்கம் எல்லாவற்றிலும் இருக்கும். அதில் வாட்ஸ்ஆப், குரோம், டெலிகிராம், ஃபைல் மேனேஜர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு 'நாட் அலவ்டு' ஆக்குங்கள். சாம்சங் புதிய போன்களில் 'செக்யூரிட்டி அண்ட் பிரைவசி' பகுதியில் 'ஆட்டோ பிளாக்கர்' என்று ஒரே பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிடும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு கெட்ட செயலிகளைச் சோதிக்கும் 'பிளே புரொடெக்ட்' போய் ஸ்கேன் செய்து பாருங்கள். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தால் யாரோ அணைக்கச் சொல்லி நீங்கள் அணைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அணைக்கச் சொன்னவன் யார் என்று யோசியுங்கள்.

செலான் உண்மையா என்று பார்க்க எந்தச் செயலியும் வேண்டாம். அரசின் பரிவாகன் இ-செலான் தளத்தை நீங்களே தேடித் திறந்து, வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி 5 எழுத்துகளைக் கொடுத்தால் அபராதம் இருந்தால் காட்டும். தளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலோர் ஐகானைத் தேடி அழிக்கப் பார்க்கிறார்கள். அதற்குள் பணம் போய்விடுகிறது. முதலில் ஏரோபிளேன் மோடு போடுங்கள், வைஃபையும் தனியாக அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். அந்த நிமிடத்திலிருந்து ஓ.டி.பி. பட்டன் போனுக்கு வரும், திருடனுக்குப் போகாது. பட்டன் போனிலிருந்தே வங்கியை அழைத்து யு.பி.ஐ., நெட் பேங்கிங், கார்டு மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்தபிறகுதான் ஸ்மார்ட்போனைக் கையில் எடுக்க வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியல் முழுவதையும் பாருங்கள். பெயர் இல்லாமலோ, 'கஸ்டமர் சப்போர்ட்' போன்ற பொதுப் பெயரிலோ ஒன்று இருக்கும். 'அன்இன்ஸ்டால்' பொத்தான் மங்கிக் கிடந்தால் அது தன்னை அழிக்கவிடாமல் தடுக்கும் 'டிவைஸ் அட்மின்' அனுமதி வாங்கியிருக்கிறது. அதை முதலில் எடுத்துவிட்டு அழிக்க வேண்டும். அப்படியும் போகாவிட்டால், போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட்தான். அதற்கு முன் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பொத்தான்களை அழுத்தி ரெக்கவரி வழியாக அழித்த போன் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்டு மறந்தவர்கள் கடை கடையாக அலைய வேண்டியிருக்கும். படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் திரும்ப ஏற்றுங்கள். செயலிகளைப் பழைய பேக்கப்பிலிருந்து கொண்டுவராமல் பிளே ஸ்டோரில் ஒவ்வொன்றாகப் புதிதாக இறக்குங்கள்.

திருடனுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்குச் செயலியே வேண்டாம். 'கூரியர் வந்திருக்கிறது, டெலிவரி பையனின் எண்ணோடு சேர்த்து இதை டயல் செய்யுங்கள்' என்று *21* என்று தொடங்கும் எண்ணைத் தருவார்கள். அது உங்கள் அழைப்புகளை எல்லாம் வேறு எண்ணுக்குத் திருப்பும் குறியீடு. வாட்ஸ்ஆப் உறுதிப்பாட்டு எண்ணைக் குரல் அழைப்பாகவும் பெறலாம் என்பதால், அழைப்பு திரும்பினால் வாட்ஸ்ஆப்பும் போகும். *#21# டயல் செய்தால் நிலவரம் தெரியும். ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். மிஸ்டு கால் அலர்ட் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கக்கூடும், பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்ஆப்பில் 'அக்கவுன்ட்' பகுதிக்குப் போய் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதில் ஒரு 6 இலக்க எண்ணை வையுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

அடுத்தது வீட்டு மோடம். ஊரில் மோடம் என்று சொன்னாலும் ஃபைபர் இணைப்பில் அது, கண்ணாடி இழையில் வரும் ஒளியை இணையமாக மாற்றித் தரும் ஓ.என்.டி. என்ற பெட்டி. கேபிள்காரர் வந்து பொருத்துகிறார், வைஃபை பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் செல் எண்ணை வைக்கிறார், போய்விடுகிறார். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு இதே பழக்கம். உங்கள் செல் எண் தெரிந்த எவரும் வாசலில் நின்று உங்கள் இணையத்தில் நுழையலாம். யார் எந்த வம்பு செய்தாலும், போலீஸ் முதலில் தேடி வருவது எவர் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவரைத்தான்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. வைஃபையில் இணைந்த போனிலோ கணினியிலோ பிரவுசரில் அதை அடித்தால் உள்ளே போகும் பக்கம் வரும். கவனிக்க வேண்டியது, பாஸ்வேர்டு இரண்டு இருக்கிறது. வைஃபையில் இணைய ஒன்று, இந்த அமைப்புப் பக்கத்துக்குள் போக இன்னொன்று. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை 'அட்மின், அட்மின்' என்றே விட்டுவைக்கிற வீடுகள்தான் அதிகம். உள்ளே நுழைந்த ஒரு விருந்தாளி நினைத்தால் வீட்டுக்காரரையே வெளியே தள்ளிவிடலாம்.

வைஃபை பக்கத்தில் பாதுகாப்பு வகையாக 'டபிள்யு.பி.ஏ.2' அல்லது 'டபிள்யு.பி.ஏ.2/3 மிக்ஸ்டு' தேர்ந்தெடுங்கள், அதற்குள் 'ஏ.இ.எஸ்.' என்று வையுங்கள். 'டி.கே.ஐ.பி.' வைத்தால் பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்.பி.க்கு மேல் ஏறாது. 100 எம்.பி. பிளான் போட்டும் வேகமில்லை என்று புகார் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். பாஸ்வேர்டு அடிக்காமலே ஒரு எண்ணால் இணையவிடும் 'டபிள்யு.பி.எஸ்.' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. அதனால் கோடிக்கணக்கில் முயல வேண்டிய எண்ணை 11,000 முயற்சிக்குள் பிடித்துவிடலாம். வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையவிடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' அல்லது 'வான் சைடு ஆக்சஸ்' என்று இருந்தால் அதையும் அணையுங்கள். 'டி.ஆர். 069' என்பதை மட்டும் தொடாதீர்கள், கம்பெனி அதன் வழியாகத்தான் பெட்டியைப் புதுப்பிக்கிறது.

பாஸ்வேர்டு 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் வீட்டாருக்கு நினைவிருக்கும், வெளியாளுக்கு ஊகிக்க வராது. 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருந்தால் இரண்டிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். மாற்றியதும் டி.வி., கேமரா, போன் எல்லாம் இணைப்பை இழக்கும். எனவே தேர்வுக் காலத்திலோ வீட்டிலிருந்து ஒருவர் வேலை பார்க்கும் நேரத்திலோ இதைத் தொடங்க வேண்டாம். புதிய பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள், பெட்டியின் மேல் ஒட்டாதீர்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று பெட்டியின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்யாதீர்கள். கேபிள்காரர் பதிந்து வைத்த இணைப்புப் பெயர், கடவுச்சொல், 'வீலான்' எண் எல்லாம் அழிந்துவிடும். 'பான்' விளக்கு பச்சையாக எரியும், இணையம் வராது. அவர் வந்து மறுபடி பதியும்வரை காத்திருக்க வேண்டும். 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் அது வேறு கதை, கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை; தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்திருக்கலாம். அமைப்பை மாற்றி அதற்குத் தீர்வு கிடைக்காது.

தோப்புக்கும் வாசலுக்கும் கேமரா வைக்காத வீடு இப்போது குறைவு. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றும் '123456' என்றும் கிடந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் திண்ணையைப் பார்க்கலாம். மாற்றுங்கள். மோடத்தில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனி வைஃபை இருந்தால் கேமராவையும் விருந்தாளிகளின் போனையும் அதில் விட்டுவிடுங்கள். படுக்கையறைக்குள் கேமரா வைக்கவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

இனி இந்த எல்லைக்கே உரிய ஒன்று, லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. கேரளத்தில் அரசே நடத்துகிறது. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி, வாளையாரில் விற்ற சீட்டுக்கு விழுந்து திருப்பூர்க்காரர்களுக்குப் போனது. அந்த ஆசையைத்தான் திருடர்கள் தமிழ்நாட்டுப் போன்களில் விற்கிறார்கள். 'கேரள லாட்டரி ஆன்லைன்' என்று முகநூலில் விளம்பரம், அரசு முத்திரை போட்ட படம், வாட்ஸ்ஆப் எண். பணம் அனுப்பினால் சீட்டின் போட்டோ வரும். ஒரு சீட்டின் போட்டோ எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைனிலோ வாட்ஸ்ஆப்பிலோ விற்பனை கிடையாது. பரிசு வாங்க அசல் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் குலுக்கலிலிருந்து 30 நாளுக்குள். போட்டோ வைத்திருப்பவருக்கு எந்த உரிமையும் இல்லை. விளையாட்டின் இரண்டாம் கட்டம் இன்னும் மோசம். 'உங்களுக்கு 5 லட்சம் விழுந்திருக்கிறது, ஜி.எஸ்.டி. கட்டுங்கள், வரி கட்டுங்கள், பரிமாற்றக் கட்டணம் கட்டுங்கள்' என்று ஆயிரம் ஆயிரமாகக் கறப்பார்கள். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாட்டரிப் பரிசில் 30 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார்கள். பரிசு வாங்க முன்பணம் கட்டும் வழக்கமே இல்லை.

இதில் ஏமாந்தவர்கள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் லாட்டரி தடை என்பதால் நம்மையே பிடித்து உள்ளே வைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயம்தான் திருடனுக்கு மூலதனம். நீங்கள் வாங்கியது லாட்டரியே அல்ல, வெறும் போட்டோ. நடந்தது ஏமாற்று வேலை, அப்படியே சொல்லிப் புகார் கொடுங்கள்.

யு.பி.ஐ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப் போகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் 'பணம் கொடு' என்று யு.பி.ஐ. கோரிக்கை அனுப்பும் வசதியையே எடுத்துவிட்டார்கள். யு.பி.ஐ.க்கு ஒரு தனிக் கணக்கு வைத்து, அதில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். தேங்காய் விற்ற பணமும் சேமிப்பும் யு.பி.ஐ. இணைக்காத கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் செல் எண்ணை வீட்டுப் பெரியவரின் பட்டன் போனில் போட்டுவிட்டால் எந்த ஏ.பி.கே.யும் அதை எட்டாது. வங்கித் தளங்களின் முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2025 அக்டோபர் 31-க்குள் மாறச் சொல்லியிருந்தார்கள். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணை அழையுங்கள்.

இரட்டை சிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு சிம் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்துபோகும். 90 நாள் பயன்பாடே இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். அந்த எண் வங்கியிலோ ஆதாரிலோ இருந்தால் உங்கள் ஓ.டி.பி. ஒழுங்காக அவருக்குப் போய்ச் சேரும். சிம்மை விடுவதற்கு முன் வங்கி, ஆதார், கேஸ், ஜிமெயில் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். ஒருவருக்கு 9 வரைதான் அனுமதி. தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'என்னுடையது அல்ல' என்று குறிக்கலாம். குடை போட்டு சிம் விற்கும் சாலையோரக் கடையில் 'ரேகை விழவில்லை, இன்னொருமுறை வையுங்கள்' என்று சொன்னால், முதல் ரேகைக்கு ஒரு சிம், இரண்டாவது ரேகைக்கு ஒரு சிம் போயிருக்கலாம்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதிக்கும் இதே ஆபத்து. ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டலாம். ஆனால் பூட்டிவிட்டு மறந்தால் ரேஷன் கடையில் ரேகை ஏற்காது. கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும். இது பெரியவர்களுக்குச் சிரமம் என்றால், வங்கிக்குப் போய் அந்தக் கணக்கில் ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியை மட்டும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரேஷன் பாதிக்காது.

பிள்ளைகள் விஷயம். தடுப்பு ஓரளவுதான் உதவும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மோடத்தின் டி.எச்.சி.பி. பக்கத்தில், தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். இடத்தில் 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களும் தெரிந்த வைரஸ் தளங்களும் வீட்டு வைஃபையில் திறக்காது, காசில்லை. ஓட்டை எங்கே என்றால், மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது வேலை செய்யாது, போனில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' வேறு வைத்திருந்தாலும் செய்யாது, மோடத்தில் ஐ.பி.வி.6 டி.என்.எஸ். தனியாக ஓடினாலும் செய்யாது. பதின்மூன்று வயது பையன் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்கு கூகுள் 'ஃபேமிலி லிங்க்' நன்றாக வேலை செய்கிறது. எந்தச் செயலி இறக்கினாலும் பெற்றோர் போனுக்கு அனுமதி கேட்டு வரும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். உங்கள் யு.பி.ஐ. செயலியில், தானாகப் பணம் பிடிக்கும் 'ஆட்டோபே' பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள், விளையாட்டுச் செயலிக்குப் போகும் சந்தா அங்கேதான் ஒளிந்திருக்கும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் முழுதாகவே தடை செய்துவிட்டது. 'சட்டப்படி அனுமதி பெற்ற ரம்மி' என்று வரும் விளம்பரம் பொய்.

படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்று பெண்ணோ பையனோ சொன்னால், போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிப்பதுதான் வீட்டில் முதலில் நடக்கிறது. அழித்தால் சாட்சி போய்விடும். எண், கணக்குப் பெயர், மிரட்டல் செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால் இரண்டாம் முறை கட்டாயம் கேட்பான். தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள், அடுத்த முறை சொல்லாது.

பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே எண், இரவிலும் எடுக்கிறார்கள். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. மூன்று நான்கு கணக்குகளாகப் பிரிந்து ஏ.டி.எம். வழியே வெளியே வந்துவிடும். நடுவில் ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்போது பிடித்தால்தான் உண்டு, ஆகவே நிமிடக் கணக்கு. எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன, எந்த ஐ.டி.க்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எழுதுவதற்காக அழைப்பைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அவர்கள் தரும் புகார் எண்ணை வைத்து அன்றைக்கே சைபர் கிரைம் தளத்தில் முழுப் புகாரையும் பதியுங்கள்.

'உங்கள் வங்கி பொள்ளாச்சியில், அங்கே போங்கள்', 'உங்கள் வீடு கேரளத்தில், பாலக்காடு போங்கள்' என்று அலைய விட்டால் ஒன்றைச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

வங்கிக்கும் தனியாக எழுத வேண்டும், 1930-க்குச் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டும். ஏ.பி.கே. நிறுவியது உங்கள் அலட்சியம் என்று வங்கி வாதிடும். அப்படியே வைத்துக்கொண்டாலும், நீங்கள் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போன பணம் வங்கியின் பொறுப்பு. எனவே தெரிவித்த நேரமும் புகார் எண்ணும் எழுத்தில் இருக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

எல்லையோர இளைஞர்களிடம் இன்னொரு பேச்சு ஓடுகிறது. வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் தருகிறார்களாம். திருட்டுப் பணம் இறங்குவது அந்தக் கணக்கில்தான். எந்த மாநிலத்துப் போலீஸ் தேடி வந்தாலும் அவர்கள் கையில் இருக்கும் பெயர் கணக்குக்காரரின் பெயர். கல்லூரிப் பையன்களின் பெற்றோர் இதை வீட்டில் ஒருமுறை பேச வேண்டும்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். மோசடிச் செய்தி வரும் நாளெல்லாம் அதன் கீழே 1930, பட்டன் போனுக்கு சிம்மை மாற்றுவது, வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பது என்ற வரிசையைச் சின்னக் கட்டத்தில் போடுங்கள். இரண்டாவது, கேரளப் பள்ளிகளின் 'லிட்டில் கைட்ஸ்' என்ற கணினி மன்ற மாணவர்கள் 2022-ல் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தினார்கள். நல்ல காரியம். அதைச் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கி மலையிலும் உள்ள தமிழ் வழிப் பள்ளிகளில் தமிழிலேயே நடத்த வேண்டும் என்று கேரளக் கல்வித் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் உங்கள் பத்திரிகை எடுத்துச் சொல்ல வேண்டும். பாடக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரவும், சனி ஞாயிறுகளில் வந்து மோடத்தையும் போனையும் வைத்துச் செய்து காட்டவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
இணைய இணைப்பு மற்றும் செல்போன் பழுதுபார்ப்புத் தொழிலாளர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.